பிரஸ்ஸுக்குள் ஒரு கை

7

லோகுவின் வலது கை மணிக்கட்டோடு போன மறுநாளே அந்த பிரஸ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ரத்தத்தை வேஸ்ட் பஞ்சால் துடைத்தார்கள். டீசல் ஊற்றிக் கழுவினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒருவனை அதே இடத்தில் நிறுத்தினார்கள். கார் கதவுக்கு அடிக்கிற தகடு ஒன்றுகூடக் குறையவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டு, மெஷினுக்கு அதுவும் கிடையாது.

இதையெல்லாம் வாசல் செக்யூரிட்டி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஷைனியிடம் கொட்டிவிட்டார். ஷைனி, துப்பறியும் நிபுணர் துளசிராமனின் உதவியாளர். மணவாள நகரில் செல்போன் கடைக்கு மேலே இருக்கிற ஆபீசில் அவருக்குக் காபி கலப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் அவள்தான். கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்தவள். வாய் சும்மா இருக்காது. துளசிராமன் அதற்கு நேர் எதிர். ஒரு காலத்தில் நொறுங்கிய லாரிகளைச் சுற்றி வந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி இல்லாமலும் பொய்யைப் பிடிக்கலாம் என்று தெரிந்ததும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். கையில் இன்னமும் பட்டன் போன். பேச்சில் மரியாதை குறையாது. அந்த மரியாதையைக் கேட்டே உண்மையைச் சொல்லிவிட்டவர்கள் திருவள்ளூர் ஜில்லாவில் நிறையப் பேர்.

பெரியபாளையம், கவரப்பேட்டை வழியாகப் பழைய வேனை ஓட்டிக்கொண்டு வரும்போதே ஷைனி கதை முழுவதையும் சொல்லிவிட்டிருந்தாள். மாட்டிக்கொண்டவள் அவள் சித்தி மகள் ஜெனிபர். தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஜெனிபரின் பொறுப்பு. கையை இழந்த லோகு, ஈஸ்டர் முடிந்ததும் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன். விபத்துக்கு முந்தின வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பேரும் போட்ட சண்டையை ஒரு ஷிப்டே வேடிக்கை பார்த்திருக்கிறது.

அந்த பிரஸ்ஸின் வாயில் ஒரு ஒளித்திரை உண்டு. ஒரு விரல் அந்த வெளிச்சத்தைத் தாண்டினாலும் பிரஸ் அப்படியே நின்றுவிட வேண்டும். அன்றைக்கு முழுக் கை தாண்டியும் அது நிற்கவில்லை. பிரஸ்ஸை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து அந்தத் திரையை அணைத்திருந்தார்கள்.

"இந்த கெர்னல் கெர்னல்னு சொல்றியே, அது என்னம்மா?" என்று துளசிராமன் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள கீற மேஸ்திரி சார். எந்த வேலை நடந்தாலும் அவரு தலையாட்டணும். அந்த மேஸ்திரிகிட்டயே ஒரு ஓட்டை. அது வழியா பூந்தா மெஷினை இன்னா வேணா பண்ணலாம். ஓட்டையை அடைக்க ஒரு பேட்ச் வந்துச்சு. பொங்கல் முடிஞ்சதும் ஜெனி அதைப் போட்டுட்டா."

"போட்ட பிறகு ஓட்டை அடைஞ்சிருக்கணுமே."

"அங்கதான் பேஜாரு. புது டியூப் வாங்கி டிக்கியில வெச்சாச்சு. வண்டி பழைய பஞ்சர் டியூப்லதான் ஓடிக்கினு கீது. வண்டிய நிறுத்தி மாத்தினாத்தான் புதுசு வேலைக்கு ஆவும். அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும் சார். அது தானா எழுந்துக்காது, கையால பொத்தானை அமுத்தணும்."

மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ரகு, டீ இடைவேளையில் தானே அந்தப் பொத்தானை அழுத்தியதாகப் போலீசில் சொல்லியிருந்தான். விபத்துக்கு ரொம்ப நாள் முன்பே அழுத்தியாயிற்றாம். அப்படியானால் ஓட்டை அடைந்துவிட்டது. ஓட்டை வழியாகத் திருடன் வர முடியாது. சாவி வைத்திருப்பவர்தான் கதவைத் திறந்து வந்திருக்க வேண்டும். சாவி, அதாவது பாஸ்வேர்டு, ஜெனிபரிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போலீசுக்கு அழகாகப் போட்டுக் கொடுத்தவர் ராபின். சென்னைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்.

ரகு அழுத்தவே இல்லை என்று ஜெனிபர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரும் அவள் பக்கம்தான் சாட்சி சொன்னது. சாவி வைத்திருக்கிறவள் கம்ப்யூட்டரை என்ன வேண்டுமானாலும் சொல்ல வைப்பாள் என்று ராபின் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த லோகுவின் காதுக்கும் அந்தக் கணக்கு போயிற்று. அவனும் இன்ஸ்பெக்டர் ஜெயராஜிடம், அவள்தான் என்று சொல்லிவிட்டான். இன்று சாயங்காலம் ஜெனிபர் கைதாகப் போகிறாள்.

"கட்டிக்கப் போறவனே சொல்லிட்டான் சார். கையெழுத்துப் போட கை இல்ல. கைநாட்டு வெச்சிருக்கான், இடது கட்டை விரல்ல. இனிமே மோதிரம் மாத்தணும்னாலும் அந்தக் கைதான்" என்றாள் ஷைனி.

துளசிராமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்றார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடேசன் அவர்களை வாசலிலேயே எதிர்கொண்டார். கனத்த ஆள், கணீர் குரல். ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கம், தெலுங்கு பேசுகிற ஊரில் பிறந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நைனாதான். போலீஸ் வருவதற்குள் உற்பத்திக்கு இடைஞ்சல் இல்லாமல் என்ன வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனசு பண்ணினார். ஷெட்டுக்குள் போன், லேப்டாப் எதுவும் கூடாது என்று இரண்டு பேரின் போனையும் வாங்கி வாசலிலேயே வைத்தார். துளசிராமனின் பட்டன் போனைப் பார்த்துவிட்டு, இதை உள்ளே கொண்டுபோனாலும் பரவாயில்லை என்று சிரித்தார்.

பிரஸ் வரிசைக்கு மேலே ஒரு பெரிய போர்டு தொங்கியது. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு வெளிச்சத்தில் எண் ஓடியது. நல்ல பெரிய எண். ஷைனி அண்ணாந்து பார்த்தாள். யாரோ அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டாள்.

"மறக்கலம்மா. லோகு காண்ட்ராக்ட் ஆளு. போர்டுல பெர்மனென்ட் ஆளுங்க கணக்குதான் வரும்" என்றார் வெங்கடேசன், சாம்பாரில் உப்பு எவ்வளவு என்று சொல்கிற மாதிரி.

"காண்ட்ராக்ட் ஆளுக்கு ரத்தம் வேற கலர்ல வருமா நைனா?"

துளசிராமன் இருமினார். ஷைனி வாயை மூடினாள். இந்த ஆளுக்குக் கை போயிருந்தால் போர்டு மட்டுமா, ஷெட்டின் கூரையே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெங்கடேசனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஓடுகிற மெஷினை நிறுத்தினால் லட்சுமி வெளியே போய்விடுவாள். வருஷத்தில் மெஷினுக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு, ஆயுத பூஜை. அன்று எல்லாவற்றையும் அணைத்து, கழுவி, கம்ப்யூட்டர்களை மறுபடி போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். ஒத்திப்போட்ட வேலைகள் எல்லாம் அன்றைக்குத்தான் நடக்கும். ஜெனிபர் வந்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட அரை மணி நேரம் லைனை நிறுத்துங்கள் என்று கேட்டபோது, அடுத்த ஆயுத பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் அனுப்பிவிட்டார். ரகு தனக்குத் தெரியாமல் டீ இடைவேளையில் அதைச் செய்த விஷயம் விபத்துக்குப் பிறகுதான் அவருக்கே தெரியுமாம்.

அந்த ஓட்டை அவ்வளவு ஆபத்தானதா என்று துளசிராமன் விசாரித்தார். வெங்கடேசனுக்கு ஒரு பழைய சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே ராபின் கம்ப்யூட்டர்களைச் சோதனை செய்ய வந்திருந்தார். மீட்டிங்கில் எழுந்து, இந்த ஓட்டை இருக்கிறவரைக்கும் அந்த பிரஸ்ஸில் என் சுண்டு விரலைக்கூட வைக்க மாட்டேன் என்று சொன்னார். அவ்வளவுதான். மத்தியானம் கேன்டீனில் அவர் தட்டோடு போன பக்கமெல்லாம் சூப்பர்வைசர்கள் சுண்டு விரலை நீட்டி நீட்டி ஆட்டினார்கள். வெங்கடேசனும் ஆட்டினார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர், இப்போது கம்பெனிக்கு ஒரு கஷ்டம் என்றதும் அவரே போன் பண்ணி உதவிக்கு வந்துவிட்டார்.

"பெரிய மனசுங்க அவருக்கு" என்றார் வெங்கடேசன்.

மாடியில் கண்ணாடி போட்ட சிஸ்டம் அறை. அங்கிருந்து பார்த்தால் பிரஸ் வரிசை முழுவதும் தெரியும், கீழிருந்து பார்த்தாலும் அந்த அறை தெரியும். ஜெனிபர் ஒரு மூலையில் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. எதிரே மேஜை மேல் ராபினின் லேப்டாப் மூடாமல் கிடந்தது. ஷெட்டுக்குள் எடுத்துப் போக முடியாது என்பதால் தினமும் அங்கேதான் வைப்பாராம்.

"அக்கா, நான் உள்ள போறது கூட பரவால்லக்கா. அவன் நான்னு நம்பிட்டான்க்கா" என்றாள் ஜெனிபர்.

ஷைனி அவள் தலையைத் தடவினாள். ஆறுதல் சொல்வது துளசிராமனின் வழக்கம் இல்லை. ஒரே ஒரு வேலை சொன்னார். டீ சங்கு ஊதியதும் ஜெனிபர் எழுந்து போய் ராபினின் நாற்காலியில், அந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வேண்டும். எதையும் தொடக்கூடாது, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எதற்கு என்று ஷைனி கேட்டுப் பார்த்தாள். அவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக மூச்சை அடக்கின. ஆட்கள் கேன்டீன் பக்கம் ஓட, லோகுவின் பிரஸ்ஸுக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். துளசிராமன், ஷைனி, வெங்கடேசன், ரகு, கைது செய்ய வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜெயராஜ். கொஞ்சம் பொறுத்து ராபினும் வந்து சேர்ந்தார். திருநின்றவூர் அபார்ட்மென்டிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறவர், சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை. டீ இடைவேளை முடிவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று ஜெயராஜ் எச்சரித்தார். அவருக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப் போகிற வேலை பாக்கி இருந்தது.

துளசிராமன் ரகுவிடம் போனார்.

"கம்ப்யூட்டரை நீங்களே அணைச்சுப் போட்டீங்க இல்லையா, தம்பி?"

"ஆமா சார்."

"எந்த விரலால அழுத்தினீங்க?"

ரகு முழித்தான். "கட்டை விரல்தான் சார்."

"வேற பொத்தான் இருக்கா?"

"இது ஒண்ணுதான் சார்."

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

பிரஸ்ஸின் பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள்தான் அந்தக் கம்ப்யூட்டர். ரகு சாவி போட்டுத் திறந்தான். துளசிராமன் விலகிக்கொள்ள, ஷைனி குனிந்து பார்த்தாள். பார்த்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

குழிவாக இருந்த அந்தப் பொத்தானின் மேல் பெரியதாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து, பொத்தானுக்கும் அதன் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதையும் நிரப்பிக் கெட்டித்துப்போயிருந்தது. ஒரு கீறல் இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் இருந்ததால் எண்ணெயோ துணியோ படாமல் அப்படியே இருந்தது.

"சாமி சீல் வெச்சிருக்காரு சார். ஒடையல" என்றாள்.

வெங்கடேசன் எட்டிப் பார்த்தார். ஆயுத பூஜை அன்று தன் கையாலேயே வைத்த பொட்டு என்று அவருக்குத் தெரிந்தது, அதைச் சொல்லவும் செய்தார். ஷைனி வரிசையில் இருந்த மற்றப் பெட்டிகளையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாப் பொத்தானிலும் அதே பொட்டு, அதே வெளுப்பு. பொங்கலுக்குப் பிறகு அந்தப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தியிருந்தால் சந்தனம் உதிர்ந்து கம்ப்யூட்டரின் காலடியில் கிடந்திருக்கும். எந்தப் பாஸ்வேர்டாலும் அந்தப் பொட்டைத் திருத்த முடியாது.

ரகுவின் வாயிலிருந்து உண்மை உடனே வந்துவிட்டது. ஜெனிபர் அவனிடமும் வந்து கெஞ்சியிருக்கிறாள். சரி என்று தலையாட்டினான், நைனாவுக்குப் பயந்து செய்யாமல் விட்டான். லோகுவின் கை போனதும் பழி தன் மேல் விழுமே என்று நடுங்கி, அழுத்தினேன் என்று போலீசில் பொய் சொல்லிவிட்டான்.

"ஒரு பொம்பளப் புள்ள உள்ள போறான்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல நீ" என்று ஜெயராஜ் அவன் சட்டையைப் பிடித்தார்.

துளசிராமன் அவரைத் தடுத்தார். "அவசரம் வேணாம் சார். இவர் கோழை. இதைச் செஞ்சவன் கோழை இல்ல."

பிறகு அவர் எல்லோரையும் பார்த்து, மருந்து எழுதித் தருகிற டாக்டர் மாதிரி அமைதியாகப் பேசினார். புது டியூப் டிக்கியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் இந்த நிமிஷம் வரை பழைய கெர்னலில்தான் ஓடுகிறது. லோகுவின் கை போன அன்று எப்படித் திறந்து கிடந்ததோ, இப்போதும் அப்படியே திறந்து கிடக்கிறது. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஒளித்திரையை அணைக்கலாம், பிரஸ்ஸை இறக்கலாம். கம்பெனியில் எல்லோரும் இத்தனை நாளாக மெஷின் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த மெஷினுக்குள் இப்போது யார் கை வைப்பது?

"வாங்க நைனா, நீங்கதான் பெரியவரு" என்று ஷைனி வழி விட்டாள்.

வெங்கடேசன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவரே அறியாமல் ஓரடி பின்னால் போனார். ஒடிசாக்காரன் காலையிலிருந்து கை வைத்துக்கொண்டிருந்த இடம் அது. அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரகு அழ ஆரம்பித்தான், தயவுசெய்து வேண்டாம் சார் என்றான். ஜெயராஜ்கூடத் தன் வாட்ச் கட்டிய கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டதை ஷைனி கவனித்தாள்.

ராபின்தான் சிரித்தார்.

"என்ன சார் இது, தெருக்கூத்தா? ஓட்டை இருக்கிறது வேற, அதுல ஒருத்தன் வர்றது வேற. இந்த ஒரு பிரஸ்ஸைத் தேடி உலகத்துல எவன் வரப் போறான்? ஓட்டை திறந்தே இருக்கட்டும். செஞ்சது சாவி வெச்சிருக்கிற பொண்ணுதான். இதோ பாருங்க."

சட்டைக் கையை மடித்தார். ஒளித்திரையைத் தாண்டி, தகடு வைக்கிற இடத்தில் வலது உள்ளங்கையை விரித்து வைத்தார். லாரி எடை இருக்கிற மேல் அச்சு அவர் கைக்கு நேர் மேலே தொங்கியது. அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஷைனிக்கு ஒரு நிமிஷம் அந்த ஆளின் தைரியத்தை மெச்சவே தோன்றியது.

"கிறிஸ்துமஸ் அப்போ சுண்டு விரலைக்கூட வைக்க மாட்டேன்னு சொன்னீங்களாமே" என்றார் துளசிராமன்.

ராபின் வெங்கடேசனைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு இருந்த ஓட்டை இன்னிக்கும் இருக்கு. அப்போ பயந்தீங்க, அது நியாயம். திருடன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. இப்போ உலகமே பயப்படறப்ப நீங்க மட்டும் பயப்படல. திருடன் எங்க இருக்கான்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும், தம்பி. கையை எடுக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். மேல பாருங்க."

ராபின் மேலே பார்த்தார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்காலியில், அவர் லேப்டாப்புக்கு முன்னால். கை இழந்தவனுக்கு நிச்சயம் செய்யப்பட்ட பெண். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கீழே இருந்த அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராபின் கையை உருவின வேகத்தில் முழங்கை இரும்பில் இடித்துத் தோல் கிழிந்தது. சட்டை மடிப்பெல்லாம் போயிற்று.

"அவளை எந்திரிக்கச் சொல்லுங்க. அதுல எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க."

"எதுல?" என்றார் துளசிராமன்.

"என் லேப்டாப்புல..."

அதற்குமேல் அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சொன்ன பிறகு அவருக்கே அது புரிந்து, வாய் திறந்தபடி நின்றது. உலகத்துக்கே திறந்து கிடந்த ஓட்டைக்குப் பயப்படாதவர், ஒரே ஒரு லேப்டாப்புக்குப் பயந்துவிட்டார்.

"சார், அந்த லேப்டாப்பு பாஸ்வேர்டு கேட்டுக்கினு தூங்கிட்டு கீது. அவளால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. கை பத்திரமாத்தான் இருந்துச்சு, நீங்க வெச்சுட்டே இருந்திருக்கலாம்" என்றாள் ஷைனி.

ஜெயராஜ் கேட்கக் கேட்க ராபின் கக்கினார். சுண்டு விரலை ஆட்டினார்களே, அந்த மத்தியானத்தை அவரால் மறக்க முடியவில்லை. தான் சொன்னது எவ்வளவு சரி என்று காட்ட வேண்டும், காட்டிய பிறகு இதே ஆட்கள் தன் காலில் வந்து விழ வேண்டும். பேட்ச் போட்டும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடவில்லை என்பதை வீட்டிலிருந்தே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்த லேப்டாப்பிலிருந்தே ஓட்டை வழியாகப் புகுந்து ஒளித்திரையை அணைத்தார். ரகுவின் பொய், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்து சேர்ந்தது. அதை எடுத்து ஜெனிபரின் கழுத்தில் மாட்டினார்.

"இத்தினி பேர்ல லோகு கை ஏன்யா?" என்று ஜெயராஜ் கேட்டார்.

ராபின் தலையைத் தூக்கவில்லை. "பெர்மனென்ட் ஆளுன்னா யூனியன், கேஸ்னு பெரிசாயிடும். அந்த போர்டுல கூட வராத ஆளா பார்த்தேன்."

யாரும் போர்டைப் பார்க்கவில்லை. வெங்கடேசன் மட்டும் மெதுவாகத் துளசிராமனிடம் வந்து, டீ இடைவேளை முடிந்துவிட்டது, லைனை ஓட்டலாமா என்று கேட்டார். ஷைனிக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து அந்த அச்சுக்கு அடியில் வைக்கலாம் போல இருந்தது. துளசிராமன் மரியாதையாகவே பதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் சீல் வைக்கப் போகிறார், அது உடைய ஆயுத பூஜை தாண்டிப் போகலாம் என்றார்.

ராபினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது வெயில் சாய்ந்திருந்தது. லோகுவிடம் தானே போய் உண்மையைச் சொல்வதாக ஜெயராஜ் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெனிபர் படி இறங்கி ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக ஷைனியைக் கட்டிக்கொண்டாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வேனிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஷைனி சாவியை எடுத்தாள்.

துளசிராமன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஜெனிபரைப் பார்த்தார்.

"ரகு அந்தப் பொத்தானை அழுத்தலைன்னு உனக்கு எப்போம்மா தெரியும்?"

"அப்பவே தெரியும் சார். என் ஸ்கிரீன்லயே தெரியும். தெனமும் பாப்பேன்."

"வெங்கடேசன்கிட்ட சொன்னே. ரகுகிட்ட சொன்னே. தினமும் அதுக்குள்ள கை வைக்கிறவர்கிட்ட சொன்னியா?"

ஜெனிபரின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் அன்றைக்குச் சண்டையே அதைப் பற்றித்தான் என்றாள். அந்த பிரஸ்ஸில் நிற்காதே, வேறு லைன் கேட்டு மாறிக்கொள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன், ஏன் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கம்ப்யூட்டர் ஓட்டையைப் பற்றி சிஸ்டம் அறைக்கு வெளியே பேசினால் வேலை போய்விடும் என்பது கம்பெனி சட்டம்.

"சொன்னா அவன் பயந்துக்குனு எல்லார்கிட்டயும் சொல்லிடுவான் சார். எனக்கு வேலை போயிடும்னு..."

துளசிராமன் வேன் கதவிலிருந்து கையை எடுத்தார். அவள் குற்றவாளி இல்லை. அதை நிரூபிக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் நிரூபித்துவிட்டார்.

"ஏறு ஜெனி, இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றாள் ஷைனி.

ஜெனிபர் ஒரு காலை வேன் படியில் வைத்தாள். அப்படியே நின்றாள்.

"ஏன்னு அவன் மறுபடி கேப்பானா சார்?"

"கேப்பார்மா. முதல்ல அதைத்தான் கேப்பார்."

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு தொழிற்சாலை வாசலைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போய்க்கிறேன்க்கா" என்றாள்.